போட்டுப் பாருங்கன்றாரு சார்

ஒரகடத்தில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் ஷாப் புளோர் சுவரில், வேலையிடத்தை ஒழுங்காக வைப்பதற்கான ஐந்து ஜப்பானியச் சொற்கள் ஆளுயரத்துக்கு எழுதியிருக்கும்: செய்ரி, செய்தொன், செய்சோ, செய்கெத்சு, ஷித்சுகெ. ஐடிஐ முடித்து நேற்று சேர்ந்த பையனுக்கும் ஃபைவ் எஸ் தெரியும். கைசன், கெம்பா, போகா யோகே என்ற ஜப்பானியத் தொழிற்சாலைச் சொற்கள் எல்லாம் கேன்டீனில் சாம்பார், ரசம் மாதிரி புழங்குகிறவை. அதனால் 2021-ல் ஜப்பானியம் படிக்கலாம் என்று கிளம்பியபோது பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது என்று நினைத்தேன். பாதிக் கிணறு தாண்டினவன் எங்கே போய் விழுவான் என்று யோசிக்கவில்லை.

முதல் ஒரு வருடத்தில் நான் சேர்த்த சரக்கைச் சொல்கிறேன். போனில் மூன்று செயலிகள். அதில் ஒன்றில் 212 நாள் விடாமல் போய்த் தீ எரிகிற சின்னம் வாங்கினேன். '90 நாளில் ஜப்பானியம்' என்று ஒரு பதிவு செய்த வகுப்பு, 14,500 ரூபாய். டெலிகிராமில் யாரோ கொட்டி வைத்திருந்த பிடிஎஃப், 11 ஜிபி. தயாராகச் செய்து வைத்த 2,000 சொல் அட்டைகள். இவ்வளவும் கையில் இருந்ததால் படித்துக்கொண்டிருக்கிறேன் என்ற நிம்மதியும் இருந்தது. பீரோ நிறைய துணி வைத்திருப்பவனுக்குத் துவைக்கத் தோன்றாது என்பார் என் அப்பா. அதேதான்.

2022 தொடக்கத்தில் ஜப்பானிலிருந்து ஆலோசகர் ஒருவர் மூன்று மாதத்துக்கு வந்தார். ஒரு நாள் துளையின் அளவு கூடுதலாக வருகிறது என்று லைனில் நின்றிருந்தோம். துளைக்குள் விட்டு அளவு பார்க்கும் பிளக் கேஜை என் கையில் கொடுத்து "யத்தெ மிதெ" என்றார். 'மிதெ' என்றால் 'பார்' என்று எனக்குத் தெரியும். பார்த்தேன். கேஜைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவர் மறுபடி "யத்தெ மிதெ" என்றார். வெளிச்சத்தில் பிடித்து இன்னும் உன்னிப்பாகப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற ஆபரேட்டர், செய்யாறு பக்கத்துப் பையன், ஜப்பானியத்தில் ஒரு எழுத்து தெரியாதவன், பொறுக்க முடியாமல் சொன்னான்: "போட்டுப் பாருங்கன்றாரு சார்."

அவன் கண்ணால் ஊகித்துச் சொன்னது அச்சு அசலாக ஜப்பானிய இலக்கணம் என்பது எனக்குத் தெரிய இன்னும் சில வாரம் ஆனது. 'யத்தெ' என்றால் செய்து. 'மிதெ' என்றால் பார். செய்து பார். 'தபெதெ மிரு' என்றால் சாப்பிட்டுப் பார். 'கீதெ மிரு' என்றால் கேட்டுப் பார். நான் காசு கொடுத்து வாங்கிய வகுப்பில் இதற்கு ஒரு முழுப் பாடம் உண்டு. முயற்சியைக் காட்டும் அமைப்பு, விளைவை அறியும் நோக்கம், இன்ன இடத்தில் வரும், இன்ன இடத்தில் வராது என்று ஆங்கிலத்தில் 20 நிமிடம் விளக்கியிருந்தார்கள். ஆங்கிலம் பேசுகிறவனுக்கு அது வேண்டியதுதான், அவன் மொழியில் இல்லாத பொருள். என் வீட்டுக் கூடத்தில் கிடக்கிற பொருளை ஏன் லண்டன் போய்த் தேடினேன் என்பதுதான் கேள்வி.

அடுத்த சனிக்கிழமை ஒரு வேலை செய்தேன். அந்த வகுப்பின் 42 நிமிட வீடியோ ஒன்றை எடுத்து, போனில் ஸ்டாப் வாட்ச் வைத்து, ஜப்பானியம் காதில் விழுந்த நேரத்தை மட்டும் கூட்டினேன். ஆறு நிமிடம் வந்தது. மீதி 36 நிமிடமும் ஆங்கிலம். ஒரு வருடமாக நான் ஜப்பானியத்தைப் பற்றி ஆங்கிலம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். இன்றுவரை எந்தப் புது வகுப்பையும் சேனலையும் யாராவது சொன்னால் முதலில் இந்த ஸ்டாப் வாட்ச்தான். பாதி நேரமாவது படிக்கிற மொழி ஒலிக்காவிட்டால் எனக்கு வேண்டாம்.

அப்புறம்தான் ஆசிரியர் தேடினேன். அடையாறில் ஒரு அம்மா, கணவர் வேலைக்காக நகோயாவில் 12 வருடம் இருந்தவர். சென்னையில் ஜப்பானியம் படிப்பவர்கள் எல்லாரையும் போல நானும் 'சென்செய்' என்றே கூப்பிடுவேன். முதல் நாள் என் போனை வாங்கிப் பார்த்தார். "இவ்ளோ வெச்சிருக்கீங்களே தம்பி, இதுல எது உங்கள வாயத் திறக்க வைக்குது?" என்றார். எதுவும் இல்லை. "எது காது குடுக்க வைக்குது?" அதுவும் பெரிதாக இல்லை. எல்லாம் விரலால் தட்டுகிறவை. நான்கில் ஒரு விடையைத் தட்டுவேன், டிங் என்று சத்தம் வரும், அவ்வளவுதான்.

அவர் கொடுத்தது ஒரே ஒரு புத்தகம், 'மின்னா நோ நிஹொங்கோ'. சென்னையில் பல வகுப்புகளில் இதுதான் ஓடுகிறது. தொடக்க நிலைக்கு இரண்டு பாகம், மொத்தம் 50 பாடம். பாடப் புத்தகம் முழுக்க ஜப்பானியத்தில் இருக்கும், விளக்கம் தனிப் புத்தகம். என்னிடமும் டெலிகிராம் குப்பையில் இது இருந்தது, திறந்து பார்த்து 'ஒன்றும் புரியவில்லை' என்று மூடியிருந்தேன். புரியாமல் இருப்பதுதான் அதன் பலம் என்பது ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போதுதான் தெரிகிறது. தனியாகப் படிக்கிறவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். தனி ஆளுக்கு ஜப்பான் ஃபவுண்டேஷன் இலவசமாகக் கொடுக்கும் 'இரொதொரி' நல்லது. பாடமும் ஒலியும் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். கடையில் விலை கேட்பது, விடுப்பு சொல்வது என்று வேலைக்குப் போகிறவனின் நாளை வைத்து எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் புத்தகத்தின் வரிசையை நம்பி உட்கார்ந்திருக்கவும் கூடாது. வினையெச்சம், அதாவது 'செய்து', 'போய்', 'பார்த்து' என்பது, 14-ஆம் பாடத்தில் வரும். 'செய்து பார்' 40-ஆம் பாடத்தில். ஆலோசகரோ அதை வந்த வாரமே என்னிடம் சொல்லிவிட்டார். தமிழனுக்கு 14-ஆம் பாடம் முடிந்த அன்றைக்கே 40-ஐத் திறந்துவிடலாம். சென்செய் அப்படித்தான் செய்தார். ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கச் சொன்னார். மூன்று பத்தி: ஜப்பானியம், தமிழ், எங்கே கேட்டேன். ஆங்கிலத்துக்குப் பத்தி கிடையாது.

அந்த நோட்டின் முதல் பக்கங்கள் எனக்கு இன்னும் கிளர்ச்சி தருபவை. 'யத்தெ ஒகு' என்றால் செய்து வை. முன்கூட்டியே செய்து வைப்பது என்ற அதே பொருள். 'வசுரெதெ ஷிமத்த' என்றால் மறந்து விட்டேன், அந்த 'விட்டேன்'-இல் இருக்கிற கைநழுவலோடு. அதைவிட வேடிக்கை, பேச்சில் நாம் 'மறந்துட்டேன்' என்று ஒடிப்பது போல அவர்களும் 'வசுரெச்சத்த' என்று ஒடிக்கிறார்கள். 'வதஷி மொ' என்றால் நானும். 'தரெ மொ' வந்தால் 'யாரும் வரல'-யில் வரும் யாரும், 'தரெ கா' வந்தால் யாரோ. 'குரு தொ இத்த' என்றால் வருவான் என்று சொன்னான், இடையில் அதே 'என்று'. நான் நேற்று வாங்கிய புத்தகம் என்பதை 'வதஷி க கினோ கத்த ஹொன்' என்பார்கள். நான், நேற்று, வாங்கிய, புத்தகம்: ஒரு சொல்கூட இடம் மாறவில்லை. ஆங்கிலம் வழியாகப் போனால் இதே வாக்கியத்தை இரண்டு முறை தலைகீழாகத் திருப்ப வேண்டும். வீட்டிலிருந்து கிளம்பும்போது 'இத்தெ கிமஸ்' என்பார்கள். போயிட்டு வரேன். உள்ளேயிருந்து 'இத்தெ ரஷ்ஷாய்' என்று பதில் வரும். போயிட்டு வாங்க.

இதைச் சொன்னாலே யாராவது வாட்ஸ்அப்பில் 'ஜப்பானியம் தமிழிலிருந்து பிறந்தது' என்று அனுப்பிவிடுகிறார்கள். ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ இரண்டுக்கும் உறவு உண்டு என்று நெடுங்காலம் வாதிட்டார், யாழ்ப்பாணத்துப் பேராசிரியர்கள் அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் இருவரும் அவரோடு வேலை செய்தார்கள் என்பது உண்மை. மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை என்பதும் உண்மை. கொரிய மொழியும் துருக்கியும்கூட வினையைக் கடைசியில்தான் வைக்கின்றன. படிக்கிறவனுக்கு அந்த வழக்கின் தீர்ப்பு தேவையில்லை. சொந்தமோ இல்லையோ, பக்கத்து வீட்டுச் சாவி நம் பூட்டுக்குச் சேர்ந்தால் திறந்துகொண்டு போக வேண்டியதுதான்.

நோட்டு வளர வளர, ஆலையில் உடன் இருக்கிறவர்களே பாடநூல் ஆனார்கள். ஜப்பானியத்தில் கொடுப்பதற்கு இரண்டு வினை: பிறருக்குக் கொடுத்தால் 'அகெரு', எனக்குக் கொடுத்தால் 'குரெரு'. இது எனக்கு மாதக்கணக்கில் குழம்பியது. திருச்சூர்க்காரர் ஒருவர் எங்கள் பிரிவில் இருக்கிறார். "இதென்ன கஷ்டம், எனிக்கு தரும், அவனு கொடுக்கும். அதுதானே?" என்றார். மலையாளத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது. தன்மைக்கும் முன்னிலைக்கும் 'தா', படர்க்கைக்குக் 'கொடு' என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் விதியே உண்டு. நாம்தான் கலந்துவிட்டோம். அதே போல 'கொனொ', 'சொனொ', 'அனொ' என்று மூன்று சுட்டு. இந்த, அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நடுவில் இருப்பதற்குத் தடுமாறினேன். யாழ்ப்பாணத்து நண்பருக்குத் தடுமாற்றமே இல்லை. கேட்கிறவர் பக்கத்தில் இருப்பது 'உந்த'. அவர்கள் வீட்டில் தினமும் புழங்குகிற சொல்.

ஆங்கிலத்தில் நினைத்து நான் பட்ட அடி ஒன்றும் இருக்கிறது. இரவு ஷிப்டில் லைன் நின்றுவிட்டது. காலை அறிக்கையில் ஜப்பானியத்தில் ஒரு வரி எழுதிக் காட்டலாம் என்று ஆசை. மனதுக்குள் 'ஸ்டாப்டு' என்று ஓட, 'தொமெத' என்று எழுதினேன். ஆலோசகர் நேராக என்னிடம் வந்து, நீ ஏன் லைனை நிறுத்தினாய் என்று கேட்டார். 'தொமத்த' என்றால் நின்றது, 'தொமெத' என்றால் நிறுத்தினேன். தமிழில் நினைத்திருந்தால் இந்தப் பிழை வரவே வராது. தன்வினை, பிறவினை, ஒன்பதாம் வகுப்பில் மதிப்பெண் வாங்கியவன்தானே நான். ஓடு, ஓட்டு. திரும்பு, திருப்பு. தரக்கட்டுப்பாட்டில் இருப்பவனுக்கு நின்றதும் நிறுத்தியதும் ஒன்றாகிவிட்டால் வேலையே போய்விடும்.

எழுத்து விஷயத்தில் மட்டும் தமிழை ஓரம் கட்டிவிடுங்கள். இங்கே நான் வேறு வழியில்லாமல் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன், ஓசை வழுக்குகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நோட்டில் அப்படி எழுதிக்கொண்டால் கெட்டோம். சாவிக்கும் சீமைப் பனிச்சைப் பழத்துக்கும் ஒரே ஒரு ஓசைதான் வித்தியாசம், 'கி'-யை அழுத்திச் சொல்வதா, மென்மையாகச் சொல்வதா என்பது. தமிழில் இரண்டும் ஒரே எழுத்து. நான் சில மாதம் அறைப் பழம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஜப்பானியத்தின் அடிப்படை எழுத்தான ஹிரகானா 46 தான். அதன் வரிசையைப் பாருங்கள்: முதலில் ஐந்து உயிர், பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. அரிச்சுவடி போலவே ஓடும். பௌத்தத்தோடு போன வடமொழி எழுத்து மரபின் தடம் அது. நான் ஒன்பது நாளில் முடித்தேன், நீங்கள் ஒரு வாரத்தில் முடிக்கலாம். ஆங்கில எழுத்தில் ஜப்பானியம் அச்சிட்ட புத்தகம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். குறில் நெடில், ஒற்று இரட்டிப்பது இரண்டும் நமக்குப் பிறப்பிலேயே வரும், 'ஒபசன்' அத்தை, 'ஒபாசன்' பாட்டி. வெள்ளைக்காரர்கள் இதற்குத் தலைகீழாக நிற்கிறார்களாம்.

சீனத்திலிருந்து ஜப்பான் எடுத்துக்கொண்ட 'கான்ஜி' எழுத்துகள் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அன்றாடப் பயன்பாட்டுக்கு என்று அரசு வரையறுத்த பட்டியலில் 2,136 எழுத்து. நான் பட்டியல் வழியே போகவில்லை. ஆலையில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைப் பலகைகளிலிருந்து தொடங்கினேன்: பாதுகாப்பு, ஆபத்து, தடை, கவனம். தினமும் கண்ணில் படுவதால் அட்டையே தேவைப்படவில்லை.

சொல் அட்டைக்கு 'அங்கி' என்ற செயலி வைத்திருக்கிறேன். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். மறக்கப்போகிற நேரம் பார்த்து அதே சொல்லைத் திருப்பிக் காட்டும். தயார் அட்டை 2,000 போட்டு, நான்கு நாள் ஊருக்குப் போய்த் திரும்பினால் 640 அட்டை பாக்கி என்று நின்றது. வட்டிக்கடை தோற்றது. எல்லாவற்றையும் அழித்தேன். இப்போது என் நோட்டிலிருந்து மட்டும், நாளுக்கு எட்டு, தனிச் சொல் இல்லை, நான் காதால் கேட்ட வாக்கியம். பின்பக்கம் தமிழ்.

இவ்வளவு தெளிந்த பிறகும் 2022 டிசம்பரில் ஜப்பானிய மொழித் தகுதித் தேர்வான ஜேஎல்பிடியில் என்4 நிலை எழுதித் தோற்றேன். மொத்தம் 180-க்கு 90 எடுத்தால் தேர்ச்சி. நான் 103. ஆனால் கேட்டல் பகுதியில் 60-க்குக் குறைந்தது 19 வேண்டும், நான் 17. மொத்தத்தில் தாண்டினாலும் ஒரு பகுதியில் இடறினால் கணக்கு அவ்வளவுதான். ஒலிப்பதிவு ஒரே முறைதான் போடுவார்கள். யோசித்தபோது, நோட்டு அழகாக வந்ததில் மயங்கி, மறுபடி கண்ணாலேயே படித்திருக்கிறேன் என்று தெரிந்தது. இலக்கணம் தமிழ் போல இருப்பதால் வரும் சோம்பேறித்தனம் இது. புரிந்துவிடுகிறது, அதனால் கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

அடுத்த ஆறு மாதம் காதுக்கு மட்டும். ஜப்பானிய ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கே வேர்ல்டின் எளிய ஜப்பானியப் பாடங்கள், மொத்தம் 48, ஒவ்வொன்றும் பத்து நிமிடம், காசு கிடையாது. வியட்நாமிலிருந்து தோக்கியோ வந்த தாம் என்ற மாணவியின் கதை. இந்தி, வங்காளம், உருதுவில் விளக்கம் உண்டு, தமிழில் இல்லை. எனக்கு அது நல்லதாகப் போயிற்று, உரையாடலை மட்டும் கேட்டேன். கம்பெனி பஸ்ஸில் தாம்பரத்திலிருந்து ஒரகடம் வரை ஒரே பாடத்தை ஐந்து முறை. வீட்டில் அதே உரையாடலை அவர்கள் வாய் ஓயும் முன்பே நானும் கூடச் சொல்லி, போனில் பதிந்து, சென்செய்க்கு அனுப்புவேன். நம் குரலை நாமே கேட்பது பெரிய தண்டனை. ஆனால் என் 'சு' எல்லாம் 'ஸூ' என்று நீள்வதை வேறு யாரும் எனக்குச் சொல்லவில்லை. 2023 ஜூலையில் கேட்டலில் 34 வந்தது, தேர்ச்சி.

அனிமே பற்றிக் கேட்கிறார்கள். காதுக்கு நல்லது, வாய்க்கு ஆகாது. எங்கள் ட்ரெய்னி ஒருவன், நாலு வருடம் அனிமே பார்த்துத் தேறியவன், வந்திருந்த மேலாளரிடம் 'ஒமயெ' என்று ஆரம்பித்தான். அது கிட்டத்தட்ட 'டேய்'. அறை அமைதியாகிவிட்டது. பாடப்புத்தகமும் இதில் யோக்கியம் இல்லை. 'அனத' என்றால் நீங்கள் என்று முதல் பாடங்களிலேயே வரும், மேலே இருப்பவரிடம் அதையும் சொல்லக்கூடாது. பதவிப் பெயரோ, பெயரோடு 'சன்' சேர்த்தோ சொல்ல வேண்டும். மேனேஜரை 'நீங்க' என்பதைவிட 'சார்' என்று சுற்றி வளைக்கிற நமக்கு இது சொல்லித் தர வேண்டியதே இல்லை.

தமிழ் கைவிடுகிற இடங்களும் நோட்டில் இருக்கின்றன, சிவப்பு மையில். 'வ', 'க' என்ற இரண்டு உருபுகளின் வித்தியாசம் முக்கியமானது. 'யார் செய்தது?' 'நான்தான்' என்பதில் உள்ள 'தான்' சில நேரம் 'க'-வுக்குக் கைகொடுக்கும், பல நேரம் கவிழ்க்கும். பொருளின் வடிவத்துக்கு ஏற்ப எண்ணுவது இன்னொன்று: போல்ட் நீளமானதால் ஒரு விதம், ஷீட் தட்டையானதால் வேறு விதம். இதற்கெல்லாம் நோட்டு உதவாது, சென்செய் முன்னால் பத்து முறை தப்பாகச் சொல்லித்தான் ஆக வேண்டும். மாதம் 2,000 ரூபாய், வாரம் ஒரு மணி நேரம். நான் செலவழித்ததிலேயே லாபமான பணம் அதுதான், அந்த 14,500-ஐ நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

'போட்டுப் பாருங்கன்றாரு' என்ற செய்யாறுத் தம்பி இப்போது என் நோட்டின் ஜெராக்ஸை வைத்துக்கொண்டு படிக்கிறான். 2019-ல் ஜப்பான் கொண்டுவந்த திறன் தொழிலாளர் விசாவில் போக ஆசை. அதற்கான மொழித் தேர்வு ஒன்றில் 250-க்கு 200 எடுக்க வேண்டும். எந்த ஆப் நல்லதுண்ணா என்று ஆரம்பத்தில் கேட்டான், இப்போது கேட்பதில்லை. போன வாரம் வேறு கேட்டான். "அண்ணா, ஷிப்ட் முடிஞ்சு கிளம்பறப்ப இத்தெ கிமஸ் சொல்லலாமா?"

அது வீட்டிலிருந்து கிளம்பும்போது சொல்வது என்றேன். வேலையிடத்தில், இன்னும் வேலை செய்துகொண்டிருப்பவர்களைப் பார்த்து 'ஒசகி நி ஷித்சுரெய் ஷிமஸ்' என்பார்கள், உங்களுக்கு முன்னால் நான் கிளம்புவதற்கு மன்னிக்கணும் என்று.

"அதுக்குத் தமிழ்ல என்னண்ணா?"

நோட்டைத் திறந்து காட்டினேன். முதல் பத்தியில் எழுதியிருக்கிறது, மூன்றாவதில் 'ஆலை, மாலை 5.40, ஆலோசகர்' என்று இருக்கிறது. நடுப் பத்தி காலி. "நாம கெளம்பறேன்னு சொல்லிட்டுக் கெளம்பிடுவோமேண்ணா" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று ஓடினான்.